மலைப்பாதையில் குடிநீர் வண்டித் தொட்டி வழிதலும் அதனைத் தடுக்கும் வகையும்

நீலகிரி ஜில்லாவில் மழைக்குக் குறைவில்லை. ஆயினும் தை பிறந்தது முதல் கோடை மழை வரும் வரையில் பல ஊற்றுகள் மெலிந்து போகின்றன. அக்காலத்தில் மேட்டிலுள்ள ஹட்டிகளுக்கும் தேயிலைத் தோட்டத்து லயன்களுக்கும் வண்டியில் தொட்டி வைத்துத் தண்ணீர் கொண்டு செல்ல நேரிடுகிறது. பள்ளத்தில் நிறையப் பிடித்த தொட்டி மேட்டை அடையும்போது குறைந்திருப்பதும், வரிசையின் கடைசியில் நிற்கும் பெண்கள் வெறுங்குடத்துடன் திரும்புவதும் உண்டு. தண்ணீரை ஓட்டுநர் விற்றுவிட்டார் என்று சந்தேகிப்பதற்கு முன்பாகத் தொட்டியின் அமைப்பைச் சோதிப்பது நியாயம்.

ஏற்றத்தில் வண்டி சாயும். தண்ணீரின் மட்டம் சாயாது. கல்லாறிலிருந்து குன்னூர் வரையுள்ள பல்சக்கர இருப்புப்பாதையில் மிகக் கடுமையான ஏற்றம் ஏறக்குறைய 12 அடிக்கு 1 அடியாகும். அத்தகைய சரிவில் 10 அடி நீளமுள்ள தொட்டியின் பின்முனை முன்முனையைவிட 10 அங்குலம் தாழ்ந்து நிற்கும். மிகுநீர் வடியும் குழாய் பின்முனையின் உச்சியில் இருக்குமாயின், அந்த மட்டத்திற்கு மேற்பட்ட தண்ணீர் முழுவதும் அதன் வழியே வெளியேறிவிடும். 10 அடி நீளம், 5 அடி அகலம், 4 அடி உயரமுள்ள தொட்டி சுமார் 5,660 லிட்டர் கொள்ளும். விளிம்பு வரை நிரப்பிச் சென்றால் இவ்வகையில் மட்டும் சுமார் 590 லிட்டர் நஷ்டமாகும். 15 லிட்டர் குடமாகக் கணக்கிட்டால் இது 39 குடம்.

தொட்டியை 5 அங்குலம் குறைத்து நிரப்பலாம் என்று சிலர் கூறுவர். ஊற்றுநீர் சாலையில் சிந்தாதென்பது மெய்யே. ஆனால் ஊருக்கு வந்து சேரும் தண்ணீர் ஒரு குடமும் கூடாது. குழாயின் வாயைக் கூரையின் நட்டநடுவில் அமைப்பதே சிறந்தது. வண்டி முன்பின்னாகச் சாய்ந்தாலும் பக்கவாட்டில் சாய்ந்தாலும் நடுவிடத்தில் மட்டம் அதிகம் மாறுவதில்லை. மேற்சொன்ன சரிவுக்கு, நடுவில் வாயுள்ள தொட்டியில் ஒன்றேகால் அங்குலம் காலியாக விட்டாலே கணக்கின்படி போதும். தண்ணீர் அலையுமாதலால் இன்னும் சிறிது விடுதல் நலம். வாயின் மேல் முக்கால் அடி உயரத்திற்கு ஒரு நிமிர்ந்த குழாயைப் பற்றவைத்து விட்டால் அலையும் பெரும்பாலும் அடங்கும்.

இரண்டாவது காரணம் எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. சில தொட்டிகளில் இக்குழாய் மேலே வளைந்து, பின் பக்கவாட்டில் இறங்கி, சக்கரம் வரை தொங்குகிறது. அதில் ஒருமுறை தண்ணீர் நிறைந்து ஓடத் தொடங்கினால், இறங்கும் நீரின் பாரம் தொட்டியிலுள்ள நீரையும் இழுக்கும். உள்வாய்க்குக் காற்று எட்டும் வரையில் அது நில்லாது. உள்வாய் தாழ்வாக இருந்தால் பெருநஷ்டம் நேரிடும். வளைவின் உச்சியில் ஆணி கனத்தில் ஒரு துளையிட்டுவிட்டால் காற்றுப் புகுந்து இழுப்பு அறுந்துவிடும். இதற்குச் செலவு அநேகமாக ஒன்றுமில்லை.

இவ்வளவு தொல்லை எதற்கு என்று குழாயைக் கட்டையால் அடைத்துவிடுவதோ பெரும் பிழை. பம்பு வைத்து நிரப்பும்போது தொட்டி புடைக்கும். கீழ்க்குழாயைத் திறக்கும்போது உள்ளே காற்று வர வழியின்றித் தகடு உட்குழியும்.

உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இவ்விதப் பாதைகளில் அரைகுறையாக நிரம்பிய தொட்டியே அதிக அபாயம். தண்ணீர் ஒருபுறமாகப் பாய்ந்து வண்டியைச் சாய்க்கக்கூடும். ஆகையால் சங்கத்தார் புதுத் தொட்டி செய்விக்கும்போது, துளைகளுள்ள தடுப்புத் தகடுகளை உள்ளே குறுக்கும் நெடுக்கும் வைக்கும்படி பட்டறைக்காரரிடம் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ள வேண்டும். மூடியின் விளிம்பில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்பதையும், குழாய் வாயில் கொசு புகாதபடி கம்பிவலை கட்டியிருக்கிறதா என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துக்கொள்வது அவசியம்.