இயங்க மறுக்கும் உழவு இயந்திரம்

புரட்டாசி பிறந்து கீழ்வானில் மேகம் திரளத் தொடங்கியதும் வன்னி விவசாயியின் உள்ளத்திற் பரபரப்புக் குடிகொள்கின்றது. பெருமழைக்கு முன் நிலத்தைப் புரட்டிப் புழுதி விதைப்பை முடித்தாக வேண்டும். மழை முந்திக்கொண்டால் புழுதி சேறாகும். பின்னர் விதைப்பு முறையே மாறிச் செலவும் பெருகும். அத்தகைய நாளொன்றில், கொட்டிலில் நிற்கும் பழைய உழவு இயந்திரம் இயங்க மறுத்துவிட்டால் அவ்வீட்டின் நிலை என்னவாகும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

நமது வயல்களில் இன்றும் உழைக்கும் உழவு இயந்திரங்களுட் பல அரை நூற்றாண்டைக் கடந்தவை. அவற்றுள் மசி பெர்குசன் 35, 135 என்னும் இரண்டும் பலரும் அறிந்த பெயர்கள். 1956ஆம் ஆண்டில் 35 முதன்முதல் வெளிவந்தபோது அதிற் பூட்டப்பட்டிருந்த நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின், இங்கிலாந்தின் குளிர் காலைகளில் இலகுவில் இயங்காது எனப் பெயர் பெற்றது. 1959இல் அதற்குப் பதிலாகப் பேர்க்கின்ஸ் நிறுவனத்தின் மூன்று சிலிண்டர் எஞ்சின் பூட்டப்பட்டது. ஏறத்தாழ இரண்டரை லீற்றர் கொள்ளளவுடைய இவ்வெஞ்சின், எளிய அமைப்பினாலும் நீண்ட ஆயுளினாலும் உலகெங்கும் புகழ் பெற்றது. எளிய அமைப்பு என்பதாலேயே, அது இயங்க மறுக்கும் காரணத்தையும் பொறுமையுள்ள எவரும் ஒழுங்காகத் தேடிக் கண்டுபிடிக்கலாம்.

மூன்று தேவைகள்

பெற்றோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்க மின்பொறி உண்டு. டீசல் எஞ்சினில் அஃது இல்லை. 1897இல் ஜேர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடோல்வ் டீசல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எஞ்சினின் புதுமையே இதுதான். சைக்கிளுக்குக் காற்றடிக்கையில் பம்பின் அடிப்பாகம் சூடேறுவதை மாணவர்கள் அறிவர். அதேபோல், சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்றைப் பிஸ்டன் பதினாறு மடங்குக்கு மேலாக நெருக்கும்போது அதன் வெப்பம் 500 பாகை செல்சியஸைத் தாண்டுகின்றது. அந்த வேளையில் டீசல் நுண்துளிகளாகப் பீய்ச்சப்பட, அது தானே தீப்பற்றுகின்றது.

ஆகவே இவ்வெஞ்சினுக்கு வேண்டியவை மூன்றே. முதலாவது, போதிய வேகத்திற் சுழல வேண்டும். இரண்டாவது, காற்றுக் கலவாத சுத்தமான டீசல் உரிய நேரத்தில் வந்து சேர வேண்டும். மூன்றாவது, காற்று தடையின்றி உட்புகுந்து, கசியாமல் நெருக்கப்பட வேண்டும். எஞ்சின் இயங்க மறுத்தால், இம்மூன்றில் எது குறைந்தது என்று கேட்பதே முதல் வேலை. இதைக் கேளாமல், எடுத்த எடுப்பில் டீசல் பம்பைக் கழற்றிப் பட்டணத்துக்கு அனுப்புவோர் பலர். நாட்களும் பணமும் போன பின்னர், குற்றம் வெறும் பற்றரிக் கம்பியில் இருந்ததெனத் தெரியவருவதும் உண்டு.

முதலிற் பார்க்க வேண்டியவை

செலவில்லாதவற்றிலிருந்து தொடங்குவோம். எஞ்சினை நிறுத்துவதற்கு இழுக்கும் குமிழ் முழுதாக உள்ளே தள்ளப்பட்டிருக்கின்றதா? அது வெளியே நின்றால் நாள் முழுவதும் சுழற்றினாலும் ஒரு துளி டீசலும் செல்லாது. தாங்கியில் எண்ணெய் உண்டா, அதன் திறப்பு திறந்திருக்கின்றதா? தாங்கி மூடியிலுள்ள காற்றுத் துவாரம் அழுக்கினால் அடைபட்டிருந்தால், எஞ்சின் சிறிது நேரம் ஓடிப் பின் நின்றுவிடும். மூடியைத் தளர்த்திப் பார்த்தால் உண்மை புலப்படும்.

அடுத்து மின்சாரம். திறப்பைத் திருப்பியும் ஓசையே எழாவிட்டால், கூடிய வேகம், குறைந்த வேகம் இவற்றை மாற்றும் கியர்த் தடி நடுநிலையில் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். அது நடுநிலையில் இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரம் செல்லாதபடி ஒரு காப்பு அமைக்கப்பட்டிருக்கின்றது. எஞ்சின் சோர்வாகச் சுழன்றால், முன்விளக்கை எரியவிட்டுக்கொண்டு திருப்பிப் பாருங்கள். விளக்கு மிக மங்கினால் பற்றரி சோர்ந்திருக்கலாம், அல்லது இணைப்புகள் பழுதாகியிருக்கலாம். 12 வோல்ற் பற்றரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ற் காட்டினால் நிறைவாக உள்ளது என்று பொருள். பற்றரி முனைகளிற் பூத்திருக்கும் வெண்பச்சைப் படிவைச் சுடுநீரால் கழுவி, சுரண்டி, இறுகப் பூட்ட வேண்டும். எஞ்சினையும் உடலையும் இணைக்கும் பூமிக் கம்பியையும் மறந்துவிடலாகாது. மெதுவாகச் சுழன்றால் நெருக்கப்படும் காற்று கசிவதற்கும், அதன் வெப்பம் சுவர்களில் இறங்குவதற்கும் நேரம் கிடைத்துவிடும். பின்னர் டீசல் வந்தும் பயனில்லை.

புகைக் குழாய் சொல்லும் செய்தி

எஞ்சின் நன்றாகச் சுழன்றும் இயங்கவில்லையாயின், வைத்தியர் நாடி பிடிப்பதுபோல நாம் புகைக் குழாயைப் பார்க்க வேண்டும். புகையே வராவிட்டால் டீசல் சிலிண்டரை அடையவில்லை. வெண்புகை வந்தால் டீசல் வருகின்றது, ஆனால் எரியவில்லை. நெருக்கம் குறைவு, எஞ்சின் குளிர்ந்திருத்தல், பீய்ச்சும் நேரம் பிசகியிருத்தல், டீசலில் நீர் கலந்திருத்தல் ஆகியன இதற்குக் காரணங்களாகலாம். கரும்புகை வந்தால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. காற்று வடிகட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். பல மாதம் நின்ற இயந்திரத்தின் காற்றுக் குழாயிற் குளவி மண்கூடு கட்டியிருப்பினும் வியப்பில்லை.

புகை இல்லாதபோது டீசல் வடிகட்டியின் அடியைத் திறந்து சிறிது வடித்து, ஒரு கண்ணாடிக் குவளையிற் பிடித்துப் பாருங்கள். நீர் இருந்தால் அடியிற் பிரிந்து நிற்கும். 2022ஆம் ஆண்டின் எரிபொருட் தட்டுப்பாட்டுக் காலத்தில் கிடைத்த டீசலைக் கிடைத்த கலன்களில் நிரப்பிவைக்கும் பழக்கம் பரவியது. அழுக்குக் கலன் எஞ்சினுக்கு நஞ்சாகும். தாங்கியைப் பாதியில் விட்டு மாரி முழுவதும் நிறுத்திவைத்தாலும் காற்றின் ஈரம் உள்ளே நீராகப் படியும்.

எயார் எடுத்தல்

டீசல் குழாய்களுக்குள் காற்று புகுந்துவிட்டால், அதனை "எயார் பிடித்துவிட்டது" என்பர் தொழிலாளர். டீசல் அமுங்காது, காற்றோ அமுங்கும். பம்பு கொடுக்கும் அமுக்கம் முழுவதையும் காற்றுக் குமிழியே விழுங்கிவிட, நொசில் திறவாது. தாங்கி வெறுமையாகும் வரை ஓட்டினாலும், வடிகட்டியை மாற்றினாலும் இந்நிலை நேரும்.

இதற்குரிய முறை வருமாறு. வடிகட்டியின் மேலுள்ள திருகாணியைச் சுற்றித் துடைத்துத் தளர்த்தி, சிறிய ஏற்றுப் பம்பின் கைப்பிடியை அடிக்க வேண்டும். நுரை நின்று தெளிந்த டீசல் வந்ததும் இறுக்க வேண்டும். கைப்பிடியில் வலுவே தெரியாவிட்டால், எஞ்சினைச் சற்றே சுழற்றி மீண்டும் அடித்தாற் சரியாகும். உள்ளிருக்கும் புடைப்பு அதைத் தூக்கி வைத்திருந்திருக்கும். பின்னர் டீசல் பம்பின் கீழ்த் திருகாணி, அதன்பின் மேல்த் திருகாணி என இவ்வொழுங்கிலேயே காற்றை வெளியேற்ற வேண்டும். இறுதியாக, நொசில்களுக்குச் செல்லும் குழாய்களின் நட்டுகளைச் சிறிது தளர்த்தி, வேகத் தடியை முழுதும் திறந்துவிட்டு, ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுழற்ற வேண்டும். ஒரு தடவைக்கு 15 விநாடிக்கு மேற் சுழற்றாமல், இடையே ஒரு நிமிடமேனும் ஸ்டார்ட்டருக்கு ஓய்வு கொடுப்பது நன்று. டீசல் சொட்டியதும் நட்டுகளை இறுக்கினால், பெரும்பாலும் எஞ்சின் இருமிக்கொண்டு எழுந்துவிடும்.

இவையெல்லாம் செய்தும் வெண்புகையே வந்து, மசகெண்ணெய் ஊற்றும் வாயாலும் புகை தள்ளினால், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன என ஐயுறலாம். அப்பொழுதுதான் அனுபவமுள்ள மெக்கானிக்கை அழைத்து, பெருஞ்செலவைப் பற்றிப் பேச வேண்டும்.

செய்யத் தகாதவை

எஞ்சினைவிட அதனருகே நிற்பவரின் உயிர் பெரிது. பக்கத்தில் நின்று ஸ்டார்ட்டர் முனைகளைத் திருப்புளியால் தொட்டு இயக்கும் வழக்கம் கொடியது. கியர்க் காப்பு அங்கே பயன்படாது. கியரில் நிற்கும் இயந்திரம் எழுந்தவுடனேயே பாய்ந்து, நிற்பவர் மீது பின்சில்லை ஏற்றிவிடும். உலகெங்கும் இவ்வாறு உயிர் துறந்தோர் பலர். இருக்கையில் அமர்ந்தே திறப்பைத் திருப்ப வேண்டும்.

டீசல் பீய்ச்சும் இடத்திற் கையை வைத்துப் பார்க்கலாகாது. அந்த அமுக்கம் தோலைத் துளைத்து எண்ணெயை உள்ளே செலுத்தும். ஊசி குத்தியதுபோற் சிறிய காயமாகத் தோன்றினும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். தாமதித்தால் விரலையே இழக்க நேரும். பற்றரியின் அருகே நெருப்பு வேண்டாம். அதிலிருந்து எழும் ஐதரசன் வெடிக்கவல்லது. சாரமும் சேலைத் தலைப்பும் விசிறிப் பட்டியை நெருங்கலாகாது. சிறுவர்களை அப்பாற் நிறுத்துங்கள். பார்க்கட்டும், தொட வேண்டாம்.

பார்க்கும் சிறுவர் கற்பது எஞ்சினை மட்டுமன்று. எளியதை முதலிற் பார், ஒன்றை மாற்றிய பின் விளைவைக் கவனி, அதன்பின் அடுத்ததற்குச் செல் என்னும் ஒழுங்கையும் அவர்கள் கற்கின்றனர். விஞ்ஞானம் என்பதும் இதுவேயன்றி வேறில்லை. ஆவணி மாதத்திலேயே ஒரு நாளை ஒதுக்கி, பற்றரியையும் வடிகட்டியையும் தாங்கியையும் பார்த்து வைக்கும் வீட்டார், புரட்டாசி மேகத்தைக் கண்டு கலங்கமாட்டார்கள்.