அபிராமி மாலும் அப்பாவின் ரீல் பெட்டியும்

புரசைவாக்கம் அபிராமி மெகா மாலை மூடப்போகிறார்கள் என்று 2024 ஜனவரியில் நண்பன் ஒருவன் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தான். நான் தர்மபுரிக்காரன், சென்னையில் இருந்ததே நாலு வருசம்தான். இருந்தும் அன்னிக்கு மனசு என்னவோ போல ஆயிடுச்சு. ஏன் என்று யோசித்து எழுதி வைத்ததுதான் இது.

அபிராமி, பால அபிராமி என்று 1976-ல் தொடங்கிய தியேட்டர்கள் அவை. 2003-ல் அதையே கடைகளும் தியேட்டர்களும் சேர்ந்த மாலாக மாற்றினார்கள். எனக்குத் தெரிந்த தியேட்டர் என்றால் ஒரு காம்பவுண்டு சுவர், சைக்கிள் ஸ்டாண்டு, இடைவேளையில் தட்டு முறுக்கு. துணிக்கடையைத் தாண்டி எஸ்கலேட்டரில் ஏறிப் போய் படம் பார்ப்பது புதுசாக இருந்தது.

2010 வாக்கில் அப்பாவை அங்கே கூட்டிப் போனேன். அப்பா தர்மபுரியில் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவர். படம் பாதி ஓடியபோது காதருகே குனிந்து, "என்னடா, புள்ளியே வரல?" என்றார்.

அந்தப் புள்ளி எது என்று சொல்ல வேண்டும். பிலிம் காலத்தில் ஒரு படம் பதினாலு, பதினாறு ரீல் இருக்கும். ஆயிரம் அடி ரீல் ஒன்று பதினோரு நிமிடம்தான் ஓடும். அதனால் கேபினில் இரண்டு புரொஜெக்டர். முதல் மெஷினில் ரீல் முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னி மறையும். உடனே இரண்டாவது மெஷினை ஓட்ட வேண்டும். சில நொடி கழித்து இன்னொரு புள்ளி. அதில் படத்தை இந்த மெஷினுக்கு மாற்ற வேண்டும். ஒரு நொடி பிந்தினால் திரை வெள்ளையாகும், கீழே விசில் பறக்கும். முப்பது வருசம் அப்பா சினிமா பார்த்ததே அந்த மூலையில்தான். அபிராமியில் படம் டிஜிட்டலில் ஓடியது. அதில் ஏது புள்ளி?

எங்கள் மாவட்டம் சினிமா விநியோகத்தில் சேலம் ஏரியாவில் வரும். ரீல் பெட்டி சேலத்திலிருந்து பஸ்ஸில் வரும். சில படங்களுக்கு ஊருக்கு ஒரு பிரிண்டுதான். இரண்டு தியேட்டர் அரை மணி நேர இடைவெளியில் அதையே ஓட்டும், முடிந்த ரீல்களை ஒரு பையன் சைக்கிளில் கட்டிக்கொண்டு பறப்பான். பஞ்சர் ஆனால் அங்கே இடைவேளை நீளும், அவ்வளவுதான்.

ஹார்டு டிஸ்க் வந்ததும் அப்பாவை கேட்டில் டிக்கெட் கிழிக்கப் போட்டார்கள். இரண்டு வருடம் கிழித்தார். பிறகு அந்தத் தியேட்டர் கல்யாண மண்டபமாகிவிட்டது.

ஓடிடி வந்ததால்தான் தியேட்டர்கள் சாகின்றன என்கிறார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. தமிழ்நாட்டில் மல்டிபிளெக்ஸ் டிக்கெட்டை 120 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று பல வருடங்கள் அரசாணை இருந்தது. முன்வரிசைக்கு 10 ரூபாய் (கல்லூரி நாளில் அதுதான் என் வரிசை, கழுத்து வலிக்கும்). 2017-ல் தான் உச்ச விலை 150 ஆனது. அதே வருடம் ஜூலையில் 28 சதவீத ஜிஎஸ்டியோடு உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் சேர்ந்தபோது மாநிலம் முழுக்க நாலு நாள் காட்சிகளை நிறுத்தினார்கள். வசூலிலும் முதல் வாரத்தில் பெரும்பங்கு விநியோகஸ்தருக்கே போகும். தியேட்டர்காரருக்கு மிஞ்சுவது பாப்கார்னும் பார்க்கிங்கும். ஆனால் கீழே இருக்கிற மண்ணின் விலைக்கு அரசாணை எதுவும் கிடையாது. புரசைவாக்கத்தில் அந்த இடம் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனது. 1983-ல் திறந்த அசோக் நகர் உதயம் தியேட்டரும் அதே 2024-ல் மூடியது, அங்கேயும் வீடுகள்தான். படம் ஹிட்டானாலும் இந்தக் கணக்கு மாறியிருக்காது.

போன வருசம் சித்தப்பா மகன் கல்யாணம், அப்பா வேலை பார்த்த அதே மண்டபத்தில். தரையைச் சமப்படுத்தி டைல்ஸ் போட்டிருந்தார்கள். பின் சுவரில் உயரத்தில் இருந்த கேபின் ஓட்டைகளை மட்டும் அடைக்கவில்லை. அது வழியாக சீரியல் லைட்டுக்கு ஒயர் இழுத்திருந்தார்கள். பந்தியில் உட்கார்ந்திருந்தபோது அபிராமி மால் இடிச்சிட்டாங்கப்பா என்றேன். அப்பா இலையிலிருந்து நிமிர்ந்து, "அங்க ஆபரேட்டருங்க எத்தன பேருடா இருந்தாங்க?" என்று கேட்டார்.

நாலு வருசம் போய் வந்திருக்கிறேன். ஒருநாள்கூடத் திரும்பி அந்தக் கேபினைப் பார்த்ததில்லை.