உங்களுக்குத் தெரியுமா? ஊட்டிக் குளிரில் உதறும் டீசல் வண்டி

● டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் இழுத்த காற்றைப் பதினாறில் ஒரு பங்காக நசுக்கினால் அது 500 டிகிரியைத் தாண்டிச் சூடேறும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பக்கம் சுடுவதும் இதே கணக்குதான். 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய இன்ஜினிலிருந்து இன்றைய ஃபோர் வீல் டிரைவ் வரை இந்த அடிப்படை மாறவே இல்லை.

● ஜனவரி விடியலில் ஊட்டியின் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். இரவெல்லாம் வெளியில் நின்ற இன்ஜினின் உலோகம், நசுங்கிய காற்றின் சூட்டை உறிஞ்சிவிடும். குளிரில் பேட்டரியும் சோர்ந்திருப்பதால் செல்ஃப் மெதுவாகச் சுற்றும்; மெதுவாகச் சுற்றினால் பிஸ்டன் ரிங் வழியே காற்று கசிய நேரம் கிடைத்துவிடும். போதாததற்கு 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. நான்கு சிலிண்டரில் ஒன்று லேசாக நலிந்திருந்தாலும் இங்கே மறைக்க முடியாது. சென்னையில் வருடக்கணக்கில் தெரியாத கோளாறு மலையில் முதல் காலையிலேயே வெளிவருவது இதனால்தான்.

● ஐட்லிங் 800 ஆர்.பி.எம். என்றால் ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு ஏறக்குறைய ஏழு முறை எரிகிறது. ஒன்று மட்டும் மிஸ் ஆனால் அந்த ஏழு இடறல்களும் ஸ்டீயரிங்கிலும் சீட்டிலும் தெரியும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இடறல்கள் நெருங்கிக் கலந்து மறைந்துவிடும். ரேஸ் கொடுத்ததும் வண்டி சரியாகிவிட்டது போலத் தோன்றும். கோளாறு அப்படியேதான் இருக்கும்.

● புகையின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளையாக, கண் எரிய, பச்சை டீசல் வாடையோடு வந்தால் எரியாத டீசல். வாடையில்லாமல் சீக்கிரம் கரைந்தால் வெறும் நீராவி. குளிரில் எல்லா வண்டியிலும் வரும். இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட் உள்ளே போகிறது, வண்டியை உடனே நிறுத்துங்கள். நீலம் ஆயில். கறுப்பு, காற்றுக்கு மிஞ்சிய டீசல்.

● மெக்கானிக்குகள் ஹீட்டர் பிளக் என்று சொல்லும் க்ளோ பிளக், சில நொடிகளில் ஆயிரம் டிகிரியை நெருங்கிவிடும். டேஷ்போர்டில் சுருள் கம்பி விளக்கு அணைந்ததும் அதன் வேலை முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை. புதிய இன்ஜின்களில் ஸ்டார்ட் ஆன பிறகும் இரண்டு மூன்று நிமிடம்வரை அது எரிந்துகொண்டே இருக்கும். குளிர்ந்த இன்ஜின் உதறாமல், புகையாமல் ஓடுவதற்காகவே இந்த ஏற்பாடு. நான்கில் ஒரு பிளக் செத்திருந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஒரு நிமிடம் உதறும், வெள்ளையாகப் புகைக்கும், பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஓடும். மல்டிமீட்டரை வைத்தால் நல்ல சாதாரண பிளக் ஓரிரு ஓமுக்குள் காட்டும். செத்தது எதையும் காட்டாது. பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்து எரிகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கம் மட்டும் வேண்டாம். இப்போதைய பிளக்குகள் பல 12 வோல்ட்டுக்குக் கீழே ஓடுபவை. அந்தச் சோதனையிலேயே கருகிவிடும். வாரன்டி உள்ள வண்டியில் பிளக்கை நீங்களே கழற்றவும் வேண்டாம். உள்ளே பிடித்துக்கொண்ட பிளக் முறிந்தால் சிலிண்டர் ஹெட்டையே இறக்க வேண்டிவரும், பழியும் உங்கள் மேல் விழும்.

● பழைய ஜீப்புகளில் எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருந்தது. இன்ஜின் ஓடும்போதே ஸ்பேனரால் ஒவ்வொரு நாசில் பைப் நட்டையும் லேசாகத் தளர்த்துவார்கள். தளர்த்தியும் சத்தம் மாறவில்லையென்றால் அந்த சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. அருமையான சோதனை, அந்த இன்ஜின்களுக்கு. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் இன்றைய காமன் ரெயில் இன்ஜினில் இதைச் செய்யவே கூடாது. ஐட்லிங்கிலேயே அந்தக் குழாயில் முந்நூறு பார் அளவுக்கு அழுத்தம் நிற்கும். லோடில் இரண்டாயிரத்தைத் தொடும். சாதாரண கார் டயரில் இருப்பது இரண்டரை பாருக்குள். தளர்ந்த நட்டிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். முதலில் ஊசி குத்தியது போலத்தான் இருக்கும், வலியும் பெரிதாகத் தெரியாது. ஆனால் உள்ளே சதை அழுகத் தொடங்கிவிடும். அப்படி நேர்ந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பழக்க தோஷத்தில் ஸ்பேனரை எடுக்கும் மெக்கானிக்கைக் கையைப் பிடித்துத் தடுங்கள்.

● அந்த ஸ்பேனர் வேலையை இப்போது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு. தானே செய்கிறது. ஒவ்வொரு எரிப்புக்குப் பின்னும் கிராங்க் எவ்வளவு வேகம் பிடிக்கிறது என்று அளந்து, சோம்பிய சிலிண்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகவும் துடிப்பானதுக்குக் கொஞ்சம் குறைவாகவும் டீசல் விடுகிறது. ஸ்கேனரில் நான்கு எண்களாக இதைப் பார்க்கலாம். மூன்று எண்கள் பூஜ்யத்தை ஒட்டி ஆடிக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் தனியாக ஏறி நின்றால் தேட வேண்டிய இடம் தெரிந்துவிட்டது. ஆனால் இந்த எண்களைக் குளிர்ந்த இன்ஜினில் எடுக்க வேண்டும். கோத்தகிரியிலிருந்து ஒரு மணி நேரம் ஓட்டி வந்து, சூடாக நிற்கும் வண்டியில் ஸ்கேனரை மாட்டினால் நான்குமே ஒழுங்காக இருக்க நிறைய வாய்ப்புண்டு.

● சந்தேகப்படும் இன்ஜெக்டரைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் பார்ப்பது நல்ல சோதனை. மிஸ் ஆவதும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி இன்ஜெக்டர். மாறாவிட்டால் க்ளோ பிளக்கையோ கம்ப்ரஷனையோ பார்க்க வேண்டும். இன்ஜெக்டர் தலையில் பொறித்திருக்கும் குறியீட்டை இ.சி.யு.வில் மறுபடி பதிவது கட்டாயம். அதை மறந்தால் புது இன்ஜெக்டர் போட்டும் வண்டி உதறும்.

● இன்ஜெக்டருக்கு அடியில் ஒரு செப்பு வாஷர் உண்டு. விலை சொற்பம். அது கசிந்தால் குளிரில் ‘சுஃப் சுஃப்’ என்று சத்தம் கேட்கும், இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போலக் கறுப்பு படியும். அப்படியே விட்டால் சில இன்ஜின்களில் அந்தக் கரி ஆயிலில் கலந்து, சம்ப்பில் ஆயில் உறிஞ்சும் வலையையே அடைத்துவிடும்.

● நீண்ட நேரம் செல்ஃப் அடித்து, ஸ்டார்ட் ஆகி, உடனே அணைந்து, மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாக ஓடுகிறதா? டீசல் லைன் இரவில் காற்று இழுக்கிறது என்று சந்தேகப்படலாம். ஸ்டார்ட் செய்யும் முன் ஃபில்டர் மேலுள்ள கைப்பம்ப்பை அழுத்திப் பாருங்கள். அன்று மட்டும் ஒழுங்காக ஸ்டார்ட் ஆனால் சந்தேகம் உறுதி.

● கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு உறையும். லடாக்குக்காகவே இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலைக் கொண்டுவந்தது. மெழுகு ஃபில்டரை அடைத்தால் வண்டி ஸ்டார்ட் ஆகிச் சற்று நேரத்தில் இழுவை குறைந்து நிற்கும். இது வேறு, முதல் நிமிட உதறல் வேறு.

● உதறுவதெல்லாம் கோளாறு அல்ல. குளிரில் இ.சி.யு. ஐட்லிங்கை உயர்த்தும், டீசல் பீய்ச்சும் நேரத்தையும் மாற்றும்; சூடானதும் சத்தம் சட்டென மாறும். மேனுவல் கியர் வண்டியில் கிளட்சை மிதித்ததும் கடகடப்பு நின்றால் ஃப்ளைவீல் பக்கம் பார்க்க வேண்டும். சீராக எரியும் இன்ஜினும் மவுன்ட் போயிருந்தால் உடல் முழுக்க அதிரும். ஒரே இரவு பக்கத்தில் நின்ற அதே மாடல் வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து ஒப்பிடுவதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

● வாரன்டியில் சர்வீஸ் சென்டருக்குப் போகிறவர்கள் அதிகம் கேட்கும் பதில்: “நல்லாத்தானே ஓடுது சார்.” பெரும்பாலான நேரம் அட்வைசர் பொய் சொல்வதில்லை, அவர் முன்னால் அது நன்றாகத்தான் ஓடுகிறது. ஆகவே முந்தின நாள் மாலையே வண்டியை விட்டுவிடுங்கள். இரவு வெளியில் நிற்கட்டும். காலையில் நீங்கள் வரும்வரை சாவி போடக் கூடாது என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் யாரோ யார்டில் நகர்த்தியிருக்கிறார்கள், அன்றைய சோதனை வீண். புகாரும் உங்கள் வார்த்தையிலேயே பதிவாகட்டும். ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதினால் பின்னால் எதற்கும் உதவாது. ‘இரவு நின்றபின் முதல் ஸ்டார்ட்டில் உதறல், வெள்ளைப் புகை, ஒரு நிமிடத்தில் சரியாகிறது’ என்று இருக்க வேண்டும். எதுவும் கண்டுபிடிக்கவில்லை என்றாலும் அந்தத் தாளை வாங்கிக்கொள்ளுங்கள். வாரன்டி முடிவதற்குள் தேதியோடு பதிவான புகார், முடிந்த பிறகு உங்கள் கையில் இருக்கும் முக்கியமான சான்று.

● மொபைலில் வீடியோ எடுப்பதாக இருந்தால் சாவியைத் திருப்புவதற்கு முன்பே தொடங்குங்கள். ஓடோமீட்டர், வெளி வெப்பநிலை, ஆர்.பி.எம். முள் மூன்றும் ஒரே காட்சியில் வரட்டும். முள் துடிப்பது தெரிந்த பிறகு, வெட்டாமல் நடந்துபோய் சைலன்ஸர் முனையைக் காட்டுங்கள்.

● எச்சரிக்கை விளக்கு எரியாவிட்டால் கோளாறே இல்லை என்று அர்த்தமல்ல. மிஸ் ஆவது குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் இ.சி.யு. கோட் பதியும். விளக்கு எரிந்தால், மலிவான ஓ.பி.டி. கருவி கொண்டு அதை அழித்துவிடாதீர்கள். கோளாறு நேர்ந்த கணத்தின் வெப்பம், வேகம், லோடு எல்லாம் அதோடு சேர்த்துப் பதிவாகியிருக்கும்.

● சர்வீஸ் சென்டர் பழியைக் கலப்பட டீசல் மேல் போட்டால்? ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து, உங்கள் கண்ணெதிரே கண்ணாடிக் குடுவையில் பிடிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். பங்க் ரசீதுகளைத் தூக்கி எறியாதீர்கள்.

● நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி வண்டியை எங்கே வாங்கினாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கோவையில் வாங்கிய ஊட்டிக்காரர் நீலகிரி மாவட்ட ஆணையத்துக்குப் போனால் போதும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு ஜீப் ஓட்டுபவரும் இந்தச் சட்டத்தில் நுகர்வோர்தான். சோதித்துப் பார்த்தால்தான் குறை தெரியும் என்ற நிலையில் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. வழக்குக்கு முன் பேசித் தீர்க்க விரும்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.