‘15 நாள்ல விசா’... அந்த 15 நாள் எப்போது தொடங்குகிறது?

“ஆஃபர் லெட்டர் வந்துடுச்சு. விசா எத்தனை நாள்ல வரும்?” கடம்பத்தூர், திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் டிப்ளமோ, பொறியியல் பட்டதாரிகள் வெளிநாட்டு வேலைக்கு முயலும்போது முதலில் எழும் கேள்வி இது. வரும் பதிலை நம்பித்தான் ராஜினாமா கடிதம், விமான டிக்கெட், கடன் எல்லாமே. கணக்கு தப்பினால் இருக்கிற வேலையும் போகும். கிடைத்த வேலையும் கை நழுவும்.

‘எத்தனை நாள்’ என்ற ஒரே கேள்விக்குள் மூன்று தனித்தனிக் காத்திருப்புகள் ஒளிந்திருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

முதல் காத்திருப்பு: அப்பாயின்ட்மென்ட்

கைரேகை கொடுக்கவோ நேர்காணலுக்குப் போகவோ தேதி கிடைக்க வேண்டும். இதற்குப் பெரும்பாலும் எந்தக் கெடுவும் கிடையாது. கிடைத்த தேதியும் மாறலாம். 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி விண்ணப்பதாரர்களின் சமூக வலைதளக் கணக்குகளையும் அமெரிக்கா சரிபார்க்கத் தொடங்கியது. இதனால் இந்தியாவில் டிசம்பர் மாதத்துக்குக் கொடுக்கப்பட்டிருந்த பல நேர்காணல்கள் 2026 மார்ச்சுக்கும் அதற்குப் பிறகும் தள்ளிப்போயின. விசா புதுப்பிக்க லீவில் ஊருக்கு வந்த பலர் திரும்பிப் போக முடியாமல் இங்கேயே தங்க நேர்ந்தது.

இரண்டாவது: பரிசீலனை

இணையதளங்களில் நாம் பார்க்கும் ‘பிராசஸிங் டைம்’ பெரும்பாலும் இது மட்டும்தான். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு 15 நாட்களில் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. ஆனால், முழுமையான விண்ணப்பம் சேர்ந்த பிறகே அந்த 15 நாள் தொடங்கும். தேவைப்பட்டால் 45 நாள் வரை நீட்டிக்கவும் விதியில் இடம் உண்டு. வெளிநாட்டிலிருந்து பிரிட்டனுக்கு வேலை விசா கேட்பவர்களுக்கு வழக்கமாக 3 வாரம். அதுவும் ஆன்லைனில் விண்ணப்பித்து, அடையாளத்தை உறுதிப்படுத்தி, ஆவணங்களைக் கொடுத்த பிறகுதான் கணக்கில் வரும்.

கனடா காட்டும் எண்ணிக்கைக்கு அர்த்தமே வேறு. அது பெரும்பாலும், முந்தைய விண்ணப்பங்களில் 80 சதவீதம் எத்தனை நாளில் முடிந்தன என்ற கணக்கு. அதாவது, 10 பேரில் 2 பேருக்கு அதைவிடக் கூடுதல் காலம் ஆகியிருக்கிறது. அது உத்தரவாதம் அல்ல.

மூன்றாவது: ஒதுக்கீடு

எல்லாத் தகுதியும் இருந்தும் இடம் இல்லாததால் காத்திருப்பது இது. அமெரிக்காவில் வேலை அடிப்படையிலான கிரீன் கார்டுகள் ஆண்டுக்கு சுமார் 1,40,000. பொதுவாக ஒரு நாட்டைச் சேர்ந்தவர்களுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. மக்கள்தொகை 140 கோடியைத் தாண்டிய இந்தியாவுக்கும் ஒரு குட்டித் தீவு நாட்டுக்கும் அதே உச்சவரம்பு. விளைவு? 2025 அக்டோபரில், முதுகலைப் பட்டதாரிகள் அதிகம் இருக்கும் இ.பி.-2 பிரிவில் 2013 ஏப்ரல் 1-க்கு முன் வரிசையில் சேர்ந்த இந்தியர்களுக்கே முறை வந்திருந்தது. இங்கே அதிகாரியின் வேகம் பெரிதாக உதவாது. சட்டம் மாறினால்தான் இந்த உச்சவரம்பு மாறும்.

நேரம் குறையவே குறையாதா?

அரசு நினைத்தால் குறையும். ஆள் பற்றாக்குறையில் தவித்த ஜெர்மனி, இந்தியர்களுக்கான திறன் பணியாளர் விசாக்களை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக 2024 அக்டோபரில் அறிவித்தது. 9 மாதம் வரை ஆன பரிசீலனையை 2 வாரமாகக் குறைத்திருப்பதாகவும் சொன்னது. ஆனால், நம் படிப்புக்கு அங்கே அங்கீகாரம் வாங்குவதும் மொழி கற்பதும் இந்த 2 வாரத்தில் சேராது.

வளைகுடா போகிறவர்கள் கவனிக்க

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக ‘இ.சி.ஆர்.’ வகையில் வரும். அவர்கள் சவூதி, கத்தார், குவைத், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, விசாவோடு இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதியும் வேண்டும். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் ‘இ-மைகிரேட்’ தளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு ரூ.30,000 (ஜி.எஸ்.டி. தனி).

என்ன செய்யலாம்?

* “எத்தனை நாள்?” என்று மட்டும் கேட்காதீர்கள். “எந்தத் தேதியிலிருந்து?” என்றும் கேளுங்கள்.
* கூடுதல் பணம் கட்டும் ‘பிரையாரிட்டி’ சேவை பரிசீலனையை வேகப்படுத்தலாம். விசா கிடைக்கும் வாய்ப்பை அது கூட்டாது.
* ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாள் வரை இழுக்க வேண்டாம்.
* வேலையில் சேரும் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று புதிய நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.
* விசா கைக்கு வரும் முன் ராஜினாமா வேண்டாம். ‘15 நாள்ல வாங்கித் தர்றேன்’ என்பவர் எவராக இருந்தாலும், முடிவெடுப்பது அவர் அல்ல.