எடை குறைந்த பற்சக்கரப் பெட்டி: தண்டும் தாங்கியும் உணர்த்தும் கணக்கு

தியார்பக்ரின் அர்துகித் அரசவையில் பணியாற்றிய அல்-ஜஸரி, 1206ஆம் ஆண்டில் தம் பொறியியல் நூலை நிறைவு செய்தார். விலங்கு சுற்றும் அச்சின் இயக்கத்தைப் பற்சக்கரங்கள் வழியே திருப்பி நீர் இறைக்கும் பொறிகளை அந்நூல் விவரிக்கிறது. அவை நிலத்தில் ஊன்றி நின்ற பொறிகள்; தண்டு சற்றுப் பருத்திருந்தாலும் பெரிய இழப்பில்லை. அதே பற்சக்கரம் வானூர்தியில் ஏறியபோது ஒவ்வொரு கிராமும் கணக்கில் வந்தது. எடையை எவ்வாறு குறைக்கிறோம், குறைக்கும்போது எதனை இழக்கிறோம் என்னும் இரு வினாக்களை ஹெலிகாப்டரின் பற்சக்கரப் பெட்டியைக் கொண்டு ஆராய்வோம்.

ஈ.சி.225 என்னும் ஹெலிகாப்டரில் எஞ்சினிலிருந்து நிமிடத்திற்குச் சுமார் 23,000 சுற்றுகளாக வரும் வேகத்தை, தலைமேற் சுழலிக்கு 265 சுற்றுகளாகக் குறைத்தாக வேண்டும். திறன் என்பது முறுக்குவிசையும் சுழல்வேகமும் பெருகி வருவது. வேகம் குறையக் குறைய முறுக்குவிசை ஏறும். எடுத்துக்காட்டாக, 1,000 கிலோவாட் திறனை 23,000 சுற்றில் கடத்த 415 நியூட்டன் மீட்டர் போதும். 265 சுற்றிலோ அது 36,000 நியூட்டன் மீட்டராகிறது. எனவே பெட்டியின் எடை மெதுவாகச் சுழலும் முனையிலேயே குவிகிறது. வேகக் குறைப்பின் பெரும்பகுதியை இயன்றவரை இறுதிக்கட்டத்திற்கு ஒத்திவைப்பது எடையைச் சேமிக்கும் முதல் வழி.

அடுத்தது தண்டு. வளைவும் முறுக்கும் தண்டின் புறப்பரப்பிலேயே மிகுதியாகத் தாக்குகின்றன. நடுப்பகுதி உலோகம் ஏறக்குறைய வேலையின்றி இருக்கிறது. வெளிவிட்டத்தில் பாதி அளவுக்கு உள்ளே துளையிட்டால் எடை 25 விழுக்காடு குறையும். முறுக்கைத் தாங்கும் வலிமையோ 6.25 விழுக்காடு மட்டுமே குறையும். ஆனால் வலிமை போதுமானதாயின் தண்டு போதுமானது என்று கொள்ளலாகாது. தண்டு வளைந்தால் பற்கள் சாய்ந்து கவ்வும். பல்லின் முழு அகலமும் ஏற்க வேண்டிய சுமை ஒரு விளிம்பில் விழும். இரு தாங்கிகளுக்கும் நடுவே சக்கரம் அமைந்த தண்டில், தாங்கிகளின் இடைவெளியைப் பாதியாக்கினால் வளைவு எட்டில் ஒன்றாகும். எனவே தாங்கி எங்கே அமர்கிறது என்பது தண்டின் பருமனையே தீர்மானிக்கிறது.

பேரிங் என்று தொழிற்கூடங்களில் வழங்கும் தாங்கியின் கணக்கு இன்னும் நுட்பமானது. பல்லின் மேல் விழும் விசை சக்கரத்தைச் சுழற்றுவதோடு நில்லாமல் அதனைப் பக்கவாட்டிலும் தள்ளுகிறது. அவ்விசைகள் யாவும் தாங்கிகளில்தான் சென்று முடிகின்றன. குண்டுத் தாங்கியின் மேல் சுமை 26 விழுக்காடு கூடினால் அதன் ஆயுள் பாதியாகும். தாங்கியின் ஆயுள் என்று அட்டவணைகளில் காண்பதும் உறுதிமொழியன்று; நூற்றில் தொண்ணூறு தாங்கிகள் அக்காலம் வரை பழுதின்றி உழைக்கும் என்பதே அதன் பொருள்.

எடையைக் குறைப்பதில் பெரும்பயன் தந்தது கிரக அமைப்பு. நடுவே சூரியச் சக்கரம். அதனைச் சுற்றிப் பல கிரகச் சக்கரங்கள். புறத்தே வளையச் சக்கரம். சுமை பல கிரகங்களுக்குப் பகிரப்படுகிறது. சூரியச் சக்கரத்தின் மேல் எதிரெதிரான தள்ளுவிசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. ஆயினும் ஒவ்வொரு கிரகத்திலும் சூரியச் சக்கரம் ஒருபுறமும் வளையச் சக்கரம் மறுபுறமும் ஒரே திசையில் தள்ளுவதால், அதன் தாங்கி பல்விசையின் இரு மடங்கைச் சுமக்கிறது. அமைப்பு முழுவதிலும் மிகுந்த இடர்ப்பாட்டுக்கு உள்ளாவது இத்தாங்கியே.

ஈ.சி.225இல் இவ்விடத்திலும் எடை குறைக்கப்பட்டது. தாங்கிக்கெனத் தனி வெளிவளையம் வைக்காமல், கிரகச் சக்கரத்தின் உட்பரப்பையே உருளைகள் ஓடும் தடமாக அமைத்தனர். இடமும் எடையும் மிஞ்சின. ஆனால் தனி வளையம் இருப்பின் அதில் தோன்றும் விரிசல் அவ்வளையத்தோடு நிற்க வாய்ப்புண்டு. இங்கோ உருள்தடத்தில் பிறக்கும் விரிசல் நேரே பற்களின் வேர்வரை செல்லும் வழி திறந்தது.

2016 ஏப்ரல் 29 அன்று நார்வேயின் டுரோய் அருகே, கடல் எண்ணெய் மேடையிலிருந்து திரும்பிய ஈ.சி.225 ஒன்றின் சுழலி பறக்கும்போதே கழன்றது. அதிலிருந்த 13 பேரும் மாண்டனர். இரண்டாம் கட்டக் கிரகச் சக்கரம் ஒன்று உலோகச் சோர்வால் முறிந்ததே காரணம் என்று 2018இல் வெளியான விசாரணை அறிக்கை நிறுவியது. உருள்தடத்தின் நுண்குழி ஒன்றில் தோன்றிய விரிசல், பரப்பின் கீழாகவே வளர்ந்திருந்தது. தாங்கி பழுதுறும்போது உதிரும் துகள்களை எண்ணெயில் காந்தம் கொண்டு பிடித்து எச்சரிப்பதே கண்காணிப்பு முறை. இங்கு உதிர்ந்தவை மிகச் சில, எச்சரிக்கை எழவில்லை. இதற்கு ஏழாண்டுகள் முன்பே, 2009 ஏப்ரல் 1 அன்று, ஸ்காட்லாந்துக் கடற்கரைக்கு அப்பால் இதன் இனமான மற்றொரு ஹெலிகாப்டரில் அதே கட்டத்துக் கிரகச் சக்கரம் முறிந்து 16 பேர் உயிரிழந்திருந்தனர்.

டுரோய்க்குப் பின், உருள்தடத்தில் அழுத்தம் குறைந்த வகைக் கிரகச் சக்கரம் மட்டுமே அனுமதிக்கப்பட்டது. அதன் பயன்பாட்டுக் காலமும் குறைக்கப்பட்டது. துகள் சோதனை கடுமையாக்கப்பட்டது.

இரு உறுப்புகளை ஒன்றாக்கும்போது அவற்றின் பழுதுகளையும் ஒன்றாக்குகிறோம் என்பதே இதிலிருந்து நாம் பெறும் தெளிவு. பருமனான தண்டும் தனி வளையமும், கணக்கில் வராத பிழைகளையும் சேர்த்தே சுமந்து வந்தன. அவற்றை நீக்கும் பொறியாளர், அவை சுமந்த பிழைகளை முன்னறிந்து கணக்கில் சேர்க்கக் கடமைப்பட்டவர். விரிசல் எங்கே பிறக்கும், எவ்வழியே வளரும், முறிவதற்கு முன் எதனால் தன்னை வெளிப்படுத்தும் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கிட்டாதவரை, குறைத்த எடையைச் சேமிப்பு என்று சொல்லுதல் பொருந்தாது.