மறதிநோயைப் பராமரிப்போர் மறைக்கலாகாது

1901 ஆம் ஆண்டு நவம்பர் 25 ஆம் நாள், பிராங்பேர்ட் நகர மனநோய் மருத்துவமனையில் அவுகுஸ்ற டீற்றர் என்னும் 51 வயதுப் பெண்மணி சேர்க்கப்பட்டார். அவரை ஆராய்ந்த மருத்துவர் அல்சைமர், 1906 இல் ரியூபிங்கன் மாநாட்டில் அந்நோயைப் பற்றி உரைத்தார். நோய்க்கு மருத்துவரின் பெயர் வாய்த்தது. அதுவரை அப்பெண்மணியை வீட்டில் வைத்துப் பார்த்த இரயில்வே எழுதுவினைஞரான கணவரைப் பற்றிப் பேசுவார் அரிது.

இன்று ஜேர்மனியில் ஏறத்தாழ 18 இலட்சம் பேர் மறதிநோயுடன் வாழ்கின்றனர். பெரும்பகுதியினரை வீட்டார்தாம் பராமரிக்கின்றனர். 1983 இன் பின் இங்கு தஞ்சம் புகுந்த எம்மவரும் இப்போது முதுமையடைந்து வருகின்றனர். பிற்காலத்தில் கற்ற டொச் மொழி பலருக்கு முதலில் நழுவிவிடுகின்றது, தமிழே எஞ்சுகின்றது. பொழுது சாயும் வேளையில் "வீட்டை போகவேணும்" என்று தாயார் கதவைத் திறக்கின்றார். அவர் தேடும் வீடு யாழ்ப்பாணத்தில் இருந்தது. போரில் அது இடிந்தும் போயிருக்கலாம். அவ்வேளையில் வாதாடுவதாற் பயனில்லை. அந்த வீட்டுக் கிணற்றையும் முற்றத்து மாமரத்தையும் பற்றிக் கேளுங்கள். பல நாட்களில் அதுவே அவரை அமைதிப்படுத்தும்.

இத்தகைய வீடுகளில் மகளோ மருமகளோ இரவுறக்கமின்றி உழல்கின்றார். ஊரார் அறிந்தால் குறைவு என்றெண்ணி, உதவி கேட்பதுமில்லை. 1995 இல் நடைமுறைக்கு வந்த பராமரிப்புக் காப்புறுதி முன்னர் உடற்குறைகளையே பெரிதும் கணக்கிற் கொண்டது. 2017 சனவரியில் ஐந்து தரங்கள் வகுக்கப்பட்ட பின்னரே மறதிநோய்க்கும் உரிய இடம் கிடைத்தது. 2025 இன் நிலவரப்படி, வீட்டில் உறவினராற் பராமரிக்கப்படுபவருக்கு இரண்டாம் தரத்தில் மாதம் 347 யூரோவும் மூன்றாந் தரத்தில் 599 யூரோவும் வழங்கப்படுகின்றன.

தரத்தை முடிவு செய்வதற்கு மருத்துவச் சேவையின் மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வருவார். எம்மவர் இடறுவது இங்கேதான். விருந்தினரைக் கண்டதும் தாயார் சேலையைத் திருத்திக்கொண்டு, தானே சமைப்பதாகவும் குளிப்பதாகவும் பெருமிதத்துடன் சொல்வார். மகளும் கூச்சத்தால் மௌனமாக இருந்துவிடுவார். தரம் குறைந்துவிடும். அம்மாவைக் காட்டிக்கொடுப்பதாக எண்ண வேண்டாம். அவர் முன்னிலையிற் பேச மனம் வராவிடின், மதிப்பீட்டாளரிடம் தனியாகப் பேசக் கேட்கலாம். இரு வாரங்களுக்கு முன்பிருந்தே நாட்குறிப்பு எழுதுங்கள்: இரவில் எத்தனை முறை எழுந்தார், எத்தனை முறை உடை மாற்ற நேர்ந்தது, அடுப்பை எப்போது அணைக்க மறந்தார். மொழிபெயர்ப்பதற்குப் பேரப்பிள்ளையை இருத்தாதீர்கள். அப்பம்மாவின் கழிவறைச் சங்கடங்களை எந்தப் பிள்ளை சொல்லும்?

பராமரிப்பவர் சுகவீனமுற்றாலோ ஓய்வெடுக்க விரும்பினாலோ, மாற்றாள் வைப்பதற்கும் குறுகிய காலம் பராமரிப்பு இல்லத்திற் சேர்ப்பதற்கும் இரண்டாம் தரம் முதல் ஆண்டுக்கு 3539 யூரோ வரை உண்டு. 2025 யூலையில் இருந்து இவ்வேற்பாடு நடைமுறையில் உள்ளது. வாரத்தில் இரு நாட்களிலேனும் மொத்தம் பத்து மணிநேரம் பராமரித்து, முப்பது மணிநேரத்துக்கு மேல் வேறு தொழில் செய்யாதவருக்கு ஓய்வூதியப் பங்களிப்பையும் காப்புறுதியே செலுத்தும். இதனை அறியாத பெண்கள் எம்மிடையே பலர்.

விண்ணப்பிக்கத் தொலைபேசியிற் சொன்னாலே போதும். ஆனால் விண்ணப்பித்த மாதத்துக்கு முந்திய காலத்துக்குப் பணம் கிடைக்காது.