நஞ்சின் பெயர் தெரிந்தால்

1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவு கடந்தபின், போபால் நகரின் ஹமீதியா மருத்துவமனைக்குக் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் மக்கள் வரத் தொடங்கினர். விடிவதற்குள் அவர்கள் ஆயிரக்கணக்கில் பெருகினர். தாக்கிய நஞ்சு எது என்பது அங்கிருந்த மருத்துவர்களுக்குத் தெரியாது.

அந்நகரின் யூனியன் கார்பைடு ஆலையில் ‘செவின்’ என்னும் பூச்சிக்கொல்லி தயாரிக்கப்பட்டது. அதற்கு வேண்டிய மெத்தில் ஐசோசயனேட் என்னும் திரவம் தொட்டிகளில் சேமிக்கப்பட்டிருந்தது. ஒரு தொட்டியில் நீர் புகுந்ததால் வெப்பம் மிகுந்து, ஏறத்தாழ 40 டன் நச்சு வாயுவாக வெளியேறியது. அதனைக் குளிர்விக்கும் இயந்திரம் முன்னரே நிறுத்தப்பட்டிருந்தது. காற்றினும் கனமான அவ்வாயு தாழப் பரவி, அருகிலிருந்த குடிசைகளில் உறங்கியோரைச் சூழ்ந்தது. ஈரமான உறுப்புகளில் கடுமையாக வினைபுரியும் இயல்புடையதாதலால் கண்களும் நுரையீரலும் பெரிதும் சிதைந்தன. 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதற்கு ஆளாயினர், ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். உயிர்தப்பியோர் பலர் நெடுங்கால நுரையீரல் நோயாளிகளாயினர்.

ஆலை மூடப்பட்ட பின்னரும் வளாகத்தில் கொட்டியும் புதைத்தும் வைத்த கழிவுகள் அங்கேயே கிடந்தன. அவை மண்ணுள் இறங்கி, சுற்றுப்புறக் குடியிருப்புகளின் நிலத்தடி நீரைக் கெடுத்தன. அம்மக்களுக்குத் தூய குடிநீர் வழங்குமாறு 2004இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆலையில் எஞ்சியிருந்த சுமார் 337 டன் கழிவு, 40 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில்தான் பீதம்பூருக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பின்னர் எரிக்கப்பட்டது. மண்ணிலும் நீரிலும் கலந்த நஞ்சு அதனால் நீங்கிவிடவில்லை.

நஞ்சின் பெயர் அறியாத தவிப்பு எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் புதிதன்று. “வயலுக்கு அடிக்கும் மருந்து” என்று மட்டும் சொல்லி நோயாளியை அழைத்து வருகின்றனர். ஆர்கனோபாஸ்பேட் வகை நஞ்சுக்கு அட்ரோபின் உயிர்காக்கும். பாராகுவாட் என்னும் களைக்கொல்லிக்கு முறிமருந்தில்லை. அதில் ஆக்சிஜனைக்கூட அளவறிந்தே நாங்கள் தருகிறோம். பெயர் தெரிந்தால் சரியான சிகிச்சை விரைவில் தொடங்கும்.

ஆகவே, குடும்பத்தாரிடம் நாங்கள் வேண்டுவன சில. பூச்சிக்கொல்லியை வேறு பாட்டிலுக்கு மாற்றாதீர்கள்; பூட்டி வையுங்கள். உடலில் பட்டால் உடையைக் களைந்து சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள். கண்ணில் பட்டால் தூய நீரால் 15 நிமிடமேனும் கழுவுங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். வரும்போது அந்தப் புட்டியையோ பொட்டலத்தையோ மறவாமல் கொண்டுவாருங்கள். நடந்ததை மறைக்கவும் வேண்டாம். நாங்கள் கேட்பது சிகிச்சைக்காகவே.